பட்டப்பகலில் வெளிக்குப் போனவள்

கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாகப் போகப்போகிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவது மலத்தைப் பற்றி. எல்லோரும் நாஷ்டா முடித்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள்? பின்வரிசையில் ஒரு பெண் இப்போதே முகத்தைச் சுளிக்கிறாள். அம்மா தாயே, நீ டாக்டருக்குப் படித்திருக்கிறாய், பூக்கடை வைக்கப் போகவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நான் படித்தபோது எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் இந்த வயதிலும் எழுந்து நிற்பார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து வார்டில் சேர்ந்திருக்கிற நோயாளியின் பெட்பேனைக் கையில் தூக்கிக்கொண்டு, தீபாராதனைத் தட்டு காட்டுவதுபோல் எங்கள் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டுவார். கைக்குட்டையை எடுத்தவன் வார்டை விட்டு வெளியே போக வேண்டியதுதான். “இந்த நாத்தத்தைப் புத்தகத்துல படிக்க முடியாது. மூக்குல ஏத்திக்கோ” என்பார். வயிற்றில் கசிந்த ரத்தம் குடல் முழுக்கக் கடந்து வெளியே வரும்போது தார் மாதிரிக் கறுத்து, பளபளவென்று, பிசுபிசுவென்று வரும். தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்கள் சாகிறவரை மறக்க மாட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் ஹாஸ்டலில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசுக்குள் அந்த மனுஷனைக் கண்டபடி திட்டினேன். பிறகு சர்வீஸ் முழுக்க அவர் கொடுத்த மூக்கை வைத்துத்தான் ஒப்பேற்றினேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. ஓட்டுக் கட்டடம், பழைய ஜீப், கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துப் பார்க்கிற ஒரு மைக்ராஸ்கோப். மலம் பரிசோதிக்க வேண்டும், கொண்டுவா என்றால் தீப்பெட்டியில் கொண்டுவருவார்கள். அதுதான் அப்போது வழக்கம். ஒரு பெரியவர் மட்டும் மாவு டப்பா நிறையக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஜாஸ்தியாக இருந்தால் நோய் நன்றாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. இன்னொரு ஆள் மரியாதையாகத் தீப்பெட்டியில்தான் கொண்டுவந்தார். பார்த்தால் கொக்கிப்புழு முட்டை. மாத்திரை எழுதி நீட்டினேன்.

“இத்த எங்க மச்சானுக்கு குடுத்துடறேன் டாக்டரம்மா” என்றார்.

“ஏன்யா, மச்சானுக்கு எதுக்கு?”

“இது அவருதும்மா. எனக்கு ரெண்டு நாளா வரல. நீங்க கேட்டுட்டீங்க, வெறுங்கையோட எப்டி வர்றது? அதான் அவராண்ட வாங்கிக்கினு வந்தேன்.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஆள் ஏமாற்ற வரவில்லை. டாக்டரம்மா கேட்டுவிட்டாள், இல்லையென்று சொன்னால் அவள் மனசு நோகும் என்று நினைத்து, அவரால் முடிந்ததைக் கொண்டுவந்தார். இந்த நல்ல குணம் என்னென்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்தில் நான் முதலில் கற்றுக்கொண்டது, ‘என்ன நிறத்தில் போகிறது?’ என்று கேட்பது வீண் என்பது. ராஜகுளத்துக் கல்யாணத்தில் பீட்ரூட் பொரியலை வளைத்துக் கட்டிவிட்டு, மறுநாள் சிவப்பாகப் போனதைக் கண்டு மாட்டுவண்டியில் படுத்தபடி பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்த ஒரு நிலக்காரரைத் தவிர, நாங்கள் கேட்காமல் யாரும் தங்கள் மலத்தைப் பார்த்ததே இல்லை. பெண்களைக் கேட்கவே வேண்டாம். விடிவதற்கு முன்னால் ஏரிக்கரைப் பக்கம் முள்ளுச்செடி மறைவுக்குப் போவார்கள். அதை விட்டால் பொழுது சாய்ந்த பிறகுதான். “இருட்டுல இன்னா கலரும்மா தெரியும்? நீதான் டார்ச்சு எடுத்துக்கினு கூட வரணும்” என்று ஒருத்தி என்னையே கேட்டாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நியாயமான பேச்சுதான்.

நடுப்பகலில் வந்துவிட்டால் என்ன செய்வார்கள்? அடக்கிக்கொள்வார்கள். அதற்காகவே தண்ணீர் குறைவாகக் குடிப்பார்கள். வயலில் வேகாத வெயிலில் நின்றாலும் சொம்பைத் தொட மாட்டார்கள். இதெல்லாம் எந்தப் பாடத்திலும் கிடையாது, ஆனால் வைத்தியம் பார்க்க வந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இப்போது கன்னியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

திருமுக்கூடல் போகிற பாதையில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. கொஞ்சம் நிலம், வீட்டிலுள்ள எல்லோரும் இறங்கி வேலை செய்கிற குடும்பம். முதல் பிள்ளை வயிற்றில், ஏழாம் மாதம். மறுநாள் காலையில் வளைகாப்பு. வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள் என்று புருஷன் ஏழுமலையும் மாமியாரும் அவளைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். மத்தியானம் தாண்டியிருந்தது. வெளியே இன்னும் நீள வரிசை.

மாமியார்தான் பேசினாள். “ஒண்ணுமில்ல டாக்டரம்மா. வாயும் வவுறுமா கீற பொண்ணு, தல சுத்தாம இன்னா பண்ணும்? ஒரு சத்து ஊசி போட்டு அனுப்புங்க. தாமல்லேர்ந்து அவங்க ஆத்தா வூட்டு ஜனம் பூரா நாளைக்கு வந்து எறங்கப்போவுது. வூட்ல போட்டது போட்டபடி கீது.”

இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுப்பு. அங்கே கர்ப்பிணிகளில் வெளுக்காதவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாடி வேகமாக ஓடியது. வெயிலில் நடந்து, பஸ்ஸில் நின்று வந்தவளுக்கு ஓடத்தானே செய்யும். வெளிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் சொன்னாள்: “கறுப்பா போவுதும்மா. நானே பாத்தேன்.”

பக்கத்தில் அந்த ஊர்ப் பகுதிக்கான நர்ஸ் நின்றிருந்தாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கத்திக்காரி, எங்கேயோ கடற்கரை ஊர். இந்தப் பக்கம் அவளுக்கு உற்றார் உறவு என்று யாரும் கிடையாது. குடையும் பையுமாக ஊர் ஊராக நடந்து, வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பாள். வேலையில் சுணக்கமே கிடையாது. தன் பகுதிப் பெண்கள் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்கள் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

“அது மாத்திரையால டாக்டர்” என்றாள். “இரும்பு சாப்பிட்டா கறுப்பாத்தானே போகும்? கன்னியம்மா ஒருநாள்கூட விட்டதில்ல. சொல்லு கன்னியம்மா.”

“ஆமாம்மா, துன்றேன்” என்றாள் கன்னியம்மா.

பார்த்தீர்களா? தலைசுற்றலுக்குக் கர்ப்பம், வெளுப்புக்கு ஊர் வழக்கம், நாடிக்கு வெயில், கறுப்புக்கு மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் கையோடு ஒரு காரணம் வந்துவிட்டது. எல்லாமே சரியான காரணங்கள்தான். நானே சத்து ஊசி எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். ஆனால் மாமியார் சொன்ன ஒரு வார்த்தை உறுத்தியது. நானே பாத்தேன் என்றாளே, எப்படிப் பார்த்தாள்?

“நீ எப்படிம்மா பார்த்தே?”

“அந்த மானக்கேட்ட ஏம்மா கேக்கற? உச்சி வெயில்ல போச்சு. அடக்க முடியலன்னு அய்துக்கினே ஓடுனா. வண்டிப்பாட்ட ஓரம், ஆம்பளைங்க போவ வர கீற எடம். நாந்தான் எம் பொடவைய விரிச்சி மறப்பு கட்டிக்கினு நின்னேன். காத்தாலேர்ந்து இதே பேஜாரு. எட்டு ஊரு ஜனம் வர்ற நேரத்துல இப்டி.”

பேனாவை மூடி வைத்தேன். இருட்டுகிறவரை அடக்கிப் பழகிய பெண், கல்யாணமாகி வந்த ஊரில், வண்டிப் பாதை ஓரத்தில், பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் உடம்பு அவளை அந்த அளவுக்கு விரட்டியிருக்க வேண்டும். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், வாஸ்தவம். ஆனால் பெரும்பாலும் அது மலத்தைக் கட்டத்தான் செய்யும், இப்படி ஓட ஓட விரட்டாது. குடலுக்குள் ஊறுகிற ரத்தம் விரட்டும், அதுவே பேதி மருந்து மாதிரி வேலை செய்யும். நிறத்துக்குக் காரணம் சொல்லியாகிவிட்டது. அவசரத்துக்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கையுறை மாட்டிப் பரிசோதித்தேன். அவ்வளவுதான். விரலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. இரும்பால் கறுக்கிற மலத்தில் ஒரு பச்சைச் சாயல் இருக்கும், பெரும்பாலும் இறுகி இருக்கும், இப்படி நாறாது. இது தார். மெதுவாக எழுப்பி உட்காரவைத்தேன். நாடி தறிகெட்டு ஓடியது, நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. மறுபடி படுக்கவைத்துவிட்டு, சலைன் எடுத்துவரவும் ஜீப் டிரைவரைத் தயாராக இருக்கச் சொல்லவும் நர்ஸை அனுப்பினேன். கதவைச் சாத்தினேன்.

மாத்திரை சாப்பிட்டாயா என்று மறுபடி கேட்பதில் பிரயோஜனம் இல்லை. “கன்னியம்மா, அந்த மாத்திரையெல்லாம் இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “பூசணிக் கொடி வேர்ல போட்டுட்டேம்மா.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். அத்த துன்னா கொய்ந்த கறுப்பா பொறக்கும்னு ஓரகத்தி சொன்னா. அவளும் துன்னல. நர்ஸம்மா கைல மட்டும் சொல்லிடாதம்மா. உன் கால்ல உய்ந்து கேக்கறேன்.”

எனக்கு வந்ததே கோபம்! உள்ளே ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கிறது, இவளுக்கு நர்ஸைப் பற்றிக் கவலை. “அடி பைத்தியக்காரி, உயிர் போயிட்டிருக்குடி உனக்கு” என்று கத்திவிட்டேன். நர்ஸ் திட்டுவாள் என்று பயப்படுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வேறு என்ன மருந்து சாப்பிட்டாய் என்றேன். ஒன்றுமில்லை என்றாள். கோபத்தை அடக்கிக்கொண்டு, பல்வலி, தலைவலி என்று ஏதாவது இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பல்வலி இருந்திருக்கிறது. அதற்கு?

“பொட்டிக்கடையில பொட்லம் விப்பாங்க இல்ல, அத்த வாங்கி வாயில கொட்டிக்கினு தண்ணி குடிப்பேன். காத்தால வெறும் வவுத்துல ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. சாஸ்தியா வலிச்சா மத்தியானமும்.”

“இதை ஏன் முதல்லயே சொல்லல?”

“நீ மருந்து இன்னான்னு கேட்ட. அது பொட்லம் தானேம்மா.”

வலிக்கான அந்தப் பொடி வெறும் வயிற்றில் விழுந்து விழுந்து உள்ளே புண்ணாக்கியிருக்கிறது. புண் திறந்து ரத்தம் கசிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுப்பதுதான் மருந்து, கடையில் விற்பது மருந்தில்லை என்பது அங்கே எல்லோருக்கும் இருந்த எண்ணம். நீங்கள் நோயாளியிடம் பேசும்போது பொட்டலம், வேர், கஷாயம், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேளுங்கள்.

வெளியே வந்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும் என்றேன். மாமியார் ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தாள்.

“இன்னாம்மா நீ, நெஞ்சுல ஈரமே இல்லாத பேசற? நடந்து வந்த பொண்ணும்மா அவ. வலின்னு ஒரு வார்த்த சொன்னாளா? நாளைக்கு வளையலு அடுக்க வேண்டிய கைம்மா அது. ஒரு ராத்திரி வுடு, நாளைக்கு சாய்ந்தரம் நானே கூட்டிக்கினு வர்றேன்.”

அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்கு அங்கே என்ன ஆதாரம் இருந்தது? ஒரு விரல், ஒரு மூக்கு, நடுப்பகலில் ஓடிய ஒரு பெண். இப்போது நீங்கள் குழாயை உள்ளே விட்டுப் புண்ணைப் படம் பிடித்தே காட்டிவிடுவீர்கள். அப்போது எனக்கு அந்த வசதி இல்லை. நான் சொல்வது தப்பாகப் போனால் ஒரு குடும்பத்தின் வளைகாப்பைக் கெடுத்தவள் ஆவேன், அந்த ஊரிலிருந்து அப்புறம் ஒரு பிரசவம்கூட எங்களிடம் வராது. அவர்கள் சொல்வது தப்பாகப் போனால் இரண்டு உயிர் போகும். கெட்டுப்போன வளைகாப்பை இன்னொரு நாள் செய்துகொள்ளலாம். இந்த ஒரு யோசனைதான் எனக்கு முதுகெலும்பாக நின்றது.

“இன்னிக்கு அனுப்பலேன்னா நாளைக்கு நீ வளையல் போடறதுக்கு ஆள் இருக்க மாட்டாம்மா” என்றேன். நல்ல நாளுக்கு முந்தின நாள் சொல்லக்கூடாத பேச்சு. தெரிந்துதான் சொன்னேன்.

மாமியார் வாயில் அடித்துக்கொண்டாள். ஏழுமலை அதுவரை அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். அந்த நேரம் உள்ளே படுத்திருந்த கன்னியம்மா, வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து நிற்கப்போய்க் கட்டிலோரம் மடங்கி விழுந்தாள். ஏழுமலை ஓடிப்போய்த் தூக்கினான். தூக்கியவன் திரும்பி, “எம்மா, நீ கம்னு இரு. டாக்டரம்மா, வண்டிய எடுக்க சொல்லுங்க” என்றான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வேண்டும். அங்கேயும் ஒருவர் கர்ப்பிணி, கறுப்பு, மாத்திரை என்று கூட்டிப் போட்டுவிட்டு வராந்தாவில் படுக்கவைத்தால் என்ன ஆவது? அதனால் இவள் இரும்பு மாத்திரை சாப்பிடவே இல்லை என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். கடிதத்தை நர்ஸ் கையில்தான் கொடுத்தாக வேண்டும், அவள்தான் கூடப் போகிறவள். படித்தாள். முகம் விழுந்துவிட்டது. சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். மேடு பள்ளமான அந்த ரோட்டில் கையை இறக்காமல் போய்ச் சேர்ந்தாள் என்று டிரைவர் பிறகு சொன்னார்.

மாமியாரை நான் விடவில்லை. “நாளைக்கு வர்ற உங்க ஜனம் அத்தனை பேரையும் வீட்டுக்குப் போக விடாம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ரத்தம் கொடுக்கணும்” என்றேன். ரத்தம் கொடுத்தால் ஆம்பளை உடம்பு அதோடு தீர்ந்தது என்று பயந்த காலம் அது. அவள் என்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறப் போனாள். இந்த அம்மாளாவது கூட்டிப்போவதாவது என்று நான் நம்பிக்கை இழந்துதான் இருந்தேன்.

மறுநாள் அங்கே நடந்ததை நர்ஸ் சொல்லித்தான் கேட்டேன். தாமல்காரர்கள் பட்டுப்புடவையும் வரிசைத் தட்டுமாக, பேப்பரில் சுற்றிய கண்ணாடி வளையல்களோடு ஆஸ்பத்திரியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். ரத்தம் என்றதும் ஆண்கள் ஒவ்வொருவராக டீ குடிக்க நழுவியிருக்கிறார்கள். மாமியார் கேட்டை மறித்துக்கொண்டு நின்றாளாம்.

“துன்றதுக்குன்னா வரிசயா வந்து குந்துவீங்க இல்ல? இப்ப எங்கடா ஓடறீங்க? எம் மருமவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒருத்தன் மூஞ்சிலயும் முயிக்க மாட்டேன். வாங்கடா ஒயுங்கா!”

கன்னியம்மாவின் தாய்மாமன் முதலில் போய்ப் படுத்தார். அப்புறம் அவள் அண்ணன். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கும் வெட்கம் வந்துவிட்டது. மாமியாரும் கையை நீட்டியிருக்கிறாள். உனக்கே ரத்தம் இல்லையேம்மா என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ரத்தம் ஏறி, கசிவு நின்று, வயிற்றுப் புண்தான் என்று அங்கிருந்த டாக்டர்களும் சொன்னார்கள். சலைன் ஏறாத கையில் வார்டிலேயே வளையல் அடுக்கினார்கள். பிள்ளையும் மாதம் நிரம்பி அங்கேயே பிறந்தது. கொஞ்சம் எடை குறைவு, குரலில் குறைவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். நர்ஸ் மட்டும் பழையபடி ஆகவில்லை. கன்னியம்மாவின் வீட்டுக்குப் போவாள், மாத்திரையைக் கொடுப்பாள், வந்துவிடுவாள். உட்காருவதில்லை, பேசுவதில்லை. நான் ஒருநாள் கேட்டதற்குப் பொங்கிவிட்டாள்.

“அவ வீட்டுல நான் சோறு சாப்பிட்டிருக்கேன் டாக்டர். என்கிட்ட ஏன் பொய் சொன்னா? அந்தப் பொய்யை நம்பி நானும் உங்ககிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன். நீங்களும் நம்பியிருந்தா அவ செத்திருப்பா.”

“திட்டுவேன்னு பயந்திருப்பா சிஸ்டர்.”

“நான் அவளை ஒருநாள்கூடத் திட்டினதில்லையே” என்றாள் நர்ஸ்.

குழந்தைக்கு ஊசி போட ஒருநாள் கன்னியம்மா வந்தாள். கூடவே மாமியார். “ஒரு மாத்திர துன்னல, ஆனா பாருங்க டாக்டரம்மா, பேரன் எம் புள்ள கணக்கா அட்டக் கறுப்பு!” என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சிரித்தாள். நர்ஸ் திரும்பிப் பார்க்காமல் ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மனசில் இருந்ததை அவள் காது கேட்கவே கேட்டுவிட்டேன்.

“கன்னியம்மா, இந்த சிஸ்டர் உன்னை என்ன செஞ்சுடுவாங்கன்னு அவ்வளவு பயந்தே?”

“பயமா? பயம்லாம் இல்லம்மா” என்றாள். குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “கல்யாணம் கட்டிக்கினு அந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து, எப்டி கீற, துன்னியா, தூங்குனியான்னு என்ன நிக்கவெச்சி கேட்டவங்க இவங்க ஒருத்தங்கதாம்மா. மாத்திர துன்றேன்னு நான் சொன்னா இவங்க மூஞ்சில ஒரு சிரிப்பு வரும். அத்த பாக்கணும்னுதான் சொல்லிக்கினே இருந்தேன். இல்லன்னு சொல்லி அத்த வாட வுட எனக்கு மனசு வரல.”

மாமியாரின் சிரிப்பு நின்றுவிட்டது. பயத்தால் பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருந்தேன், அவர்களை அதட்டியோ கெஞ்சியோ வழிக்குக் கொண்டுவரவும் எனக்குத் தெரியும். பிரியத்தால் பொய் சொன்னவளை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அந்தப் பிரியத்துக்காக அவள் செத்தே போயிருப்பாள்.

நர்ஸ் அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கன்னியம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

“இப்பவும் மாத்திரை குடுத்திட்டுத்தான் இருக்கேன். பால் குடுக்கிற உடம்பு. சாப்பிடறியா?”

கன்னியம்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

“இல்லம்மா” என்றாள்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். நான் திட்ட வாயைத் திறந்தேன். நர்ஸ் என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினாள். கன்னியம்மாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள், குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ஏன் கன்னியம்மா?” என்று கேட்டாள்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வெளியே வரிசை காத்திருந்தது. நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.